இரவு ஒரு மணிக்குப் பூட்டிய கடை: செவன் லெவன் ஜப்பானும் ஃபிரான்சைஸ் கணக்கும்

2019 பிப்ரவரி 1 அன்று, ஜப்பானில் ஒசாகாவை ஒட்டியிருக்கும் ஹிகாஷி ஒசாகா நகரில், செவன் லெவன் என்ற சங்கிலிக் கடைகளில் ஒன்று இரவு ஒரு மணிக்குக் கதவைப் பூட்டியது. காலை ஆறு மணிக்கு மறுபடி திறந்தது. ஏழு ஆண்டுகளாக இரவில் பூட்டிப் பழக்கமில்லாத கடை அது. கணவனும் மனைவியுமாக நடத்தி வந்தார்கள். முந்தைய ஆண்டு மனைவி இறந்துபோனார். பகுதிநேர ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள், புதிதாக ஆள் கிடைக்கவில்லை. கல்லாவில் இரவும் பகலும் கடைக்காரரே நின்றார். இனி உடம்பு தாங்காது என்று ஆனபோதுதான் இரவில் ஐந்து மணி நேரம் கடையை அடைத்தார்.

கம்பெனி ஒப்பந்தத்தைக் காட்டியது. கடை 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். மீறினால் ஒப்பந்தம் ரத்தாகும், 1.7 கோடி யென் அபராதமும் கட்ட வேண்டும். அன்றைய மதிப்பில் அது ஒரு கோடி ரூபாய்க்குச் சற்று மேல்.

தன் பெயரில் கடை வைத்திருக்கும் முதலாளி, தன் கடைக் கதவைப் பூட்டியதற்கு ஒரு கோடி ரூபாய் தண்டம் கட்ட வேண்டுமா? ஜப்பான் முழுக்க இந்தக் கேள்வி எழுந்தது. பெயரும் முறையும் கம்பெனியுடையது, கடையை நடத்துவது தனியாள்: இதுதான் ஃபிரான்சைஸ். இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது, யாருக்கு எங்கே லாபம், யாருக்கு எங்கே வலி என்று புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான நிகழ்வை நான் பார்த்ததில்லை. நம் ஊரில் ஃபிரான்சைஸ் எடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை சதவீதம் ராயல்டி?" என்பதைத்தான், அதாவது கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய பங்கு எவ்வளவு என்பதை. இந்த வழக்கைப் படித்தபின் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றும் கேள்வி ஒன்று உண்டு. அந்தச் சதவீதம் எந்தத் தொகையின் மேல் போடப்படுகிறது? அதற்கு முன் எந்தெந்தச் செலவு கழிக்கப்படுகிறது?

டோயோசுவின் மதுக்கடை

கதை நல்லபடியாகத்தான் தொடங்கியது. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் பெருகின. தெருவோரச் சிறு கடைகள் மூச்சுத் திணறின. பெருங்கடைகளைக் கட்டுப்படுத்த 1973இல் சட்டமே வந்தது. இட்டோ யோகாடோ என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தில் அதிகாரியாக இருந்த டோஷிஃபூமி சுசுகி வேறு விதமாக யோசித்தார். சிறு கடை சிறியதாக இருப்பதால் நசிவதில்லை, நடத்தும் முறை பழையதாக இருப்பதால் நசிகிறது என்பது அவர் எண்ணம். அமெரிக்கப் பயணம் ஒன்றில் அவர் பார்த்த செவன் லெவன் கடைகள் அந்த எண்ணத்துக்கு உருவம் கொடுத்தன.

டெக்சாஸில் 1927இல் ஐஸ் விற்கத் தொடங்கிய சவுத்லேண்ட் நிறுவனத்தின் கடைகள் அவை. 1946இல் காலை 7 முதல் இரவு 11 வரை திறந்திருந்ததால் அந்தப் பெயர் வந்தது. ஜப்பானில் பெயரைப் பயன்படுத்த சவுத்லேண்ட் விற்பனையில் 1 சதவீதம் கேட்டது. பேரம் பேசி 0.6க்கு முடித்தார்கள். பணம் கட்டி வாங்கிய கையேடுகளைப் பிரித்துப் பார்த்தபோது சுசுகிக்குப் பெரிய ஏமாற்றம். கடைக்குப் புதிதாக வருபவருக்கான பாலபாடமே அதிகம் இருந்தது. ஜப்பானியத் தெருவுக்குப் பொருந்தும் வித்தை எதுவும் இல்லை. ஆக, ஜப்பானில் நாம் இன்று காணும் செவன் லெவனின் பெரும்பகுதி அங்கேயே கடைக்குக் கடை கற்று உருவானது.

முதல் கடை 1974 மே 15 அன்று டோக்கியோவின் டோயோசுவில் திறந்தது. அதைக் கம்பெனி நடத்தவில்லை. அப்பாவை இழந்து, குடும்ப மதுக்கடையைத் தோளில் சுமந்த இருபதுகளின் இளைஞர் ஒருவர், செய்தித்தாளில் படித்துவிட்டுத் தானாகவே கடிதம் எழுதிக் கேட்டார். அவருடைய பழைய மதுக்கடைதான் மாற்றிக் கட்டப்பட்டது.

ஃபிரான்சைஸின் உண்மையான பலம் எது என்று யாராவது கேட்டால் நான் டோயோசுவைத்தான் காட்டுவேன். அந்த இளைஞரிடம் இடம் இருந்தது, உழைப்பு இருந்தது. கம்பெனியிடம் முறை இருந்தது, மொத்த வியாபாரிகளிடம் பேரம் பேசும் கை இருந்தது. அக்காலத்தில் மொத்த வியாபாரிகள் பெட்டி பெட்டியாகத்தான் சரக்கு இறக்குவார்கள். சின்னக் கடையின் பின்கட்டு முழுக்கச் சரக்கு அடைந்து கிடக்கும், முதல் அதில் முடங்கும். ஒற்றைக் கடைக்காரர் "எனக்கு நாலைந்து மட்டும் கொண்டுவா" என்று கேட்டால் யார் வருவார்கள்? பல கடைகளின் சார்பில் கம்பெனி கேட்டபோது வந்தார்கள். 1974இல் ஒரு கடைக்கு நாளொன்றுக்கு 70 வண்டிகள் சரக்கு கொண்டுவந்தன. வெவ்வேறு உற்பத்தியாளர்களின் சரக்கை ஒரே வண்டியில் சேர்த்து அனுப்பும் ஏற்பாட்டால் பின்னாளில் அது 9 வண்டியாகக் குறைந்தது. எந்தப் பொருள் எந்த நேரத்தில் ஓடுகிறது என்று கணினியில் பதியும் முறையை 1982இலேயே கொண்டுவந்தார்கள். தனியாளாக எந்த மளிகைக்காரரும் இதையெல்லாம் செய்திருக்க முடியாது.

அந்தத் திறமை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு சான்று: பெயரைக் கடன் கொடுத்த சவுத்லேண்ட் நிறுவனமே நொடித்தபோது, 1991இல் அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கிக் காப்பாற்றியது ஜப்பானியத் தரப்புதான்.

கல்லாப் பணம் எங்கே போகிறது

செவன் லெவன் ஜப்பானின் ஒப்பந்தக் காலம் 15 ஆண்டுகள். கடைக்காரர் நுழைவுக் கட்டணம் கட்டிப் பயிற்சி பெறுகிறார். ஆட்களை அவரே அமர்த்துகிறார், சம்பளமும் அவரே கொடுக்கிறார். பெயர், சரக்கு வரும் வழி, கணினி, வாரந்தோறும் வந்து ஆலோசனை சொல்லும் அலுவலர் எல்லாம் கம்பெனியுடையவை. மின்சாரம், தண்ணீர்ச் செலவில் 80 சதவீதத்தைக் கம்பெனி ஏற்கிறது. வியாபாரம் மோசமானாலும் கடைக்காரரின் பங்கு ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கீழே இறங்காமல் உத்தரவாதம் உண்டு. ஆனால் சம்பளம் முதலான செலவுகளை அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். இவை சாதாரண உதவிகள் இல்லை. நம் ஊர் ஃபிரான்சைஸ் ஒப்பந்தங்களில் மின்கட்டணத்தில் கம்பெனி பங்கு போடுவதை நான் கேள்விப்பட்டதில்லை.

அன்றாட வசூல் முழுவதையும் கடைக்காரர் கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். கம்பெனி பேரேட்டில் வரவு வைத்து, சரக்குக்கான பணத்தைக் கழித்து, தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறது. அந்தப் பங்கு விற்பனையின் மேல் போடப்படுவதில்லை, மொத்த லாபத்தின் மேல் போடப்படுகிறது. சொந்த இடமும் கட்டடமும் இருந்தால் சுமார் 45 சதவீதம். இடத்தைக் கம்பெனி கொடுத்தால் லாபம் கூடக்கூட 56 சதவீதத்திலிருந்து 76 சதவீதம் வரை ஏறும். 24 மணி நேரம் திறந்தால் அதில் 2 சதவீதம் குறைப்பார்கள்.

76 என்ற எண்ணைப் பார்த்ததும் பகல் கொள்ளை என்று தோன்றலாம். இடம், கட்டடம், மின்சாரம், கருவிகள் என்று கம்பெனி போடும் முதலை நினைத்தால் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. சிக்கல் அடுத்த வரியில் இருக்கிறது: "மொத்த லாபம்" என்பதை அந்த ஒப்பந்தம் எப்படிக் கணக்கிடுகிறது?

ஒரு சோற்று உருண்டையை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை, முறை அவர்களுடையது. அடக்க விலை 70 யென், விற்பனை விலை 100 யென். கடைக்காரர் 10 வாங்கினார், 8 விற்றது, 2 நேரம் கடந்து குப்பைக்குப் போனது. நாம் எல்லோரும் போடும் கணக்கில் வரவு 800, செலவு 700, லாபம் 100. கம்பெனியின் பங்கு 60 சதவீதம் என்றால் அதற்கு 60 யென், கடைக்காரருக்கு 40.

செவன் லெவன் ஒப்பந்தத்தில் கணக்கு வேறு. விற்ற 8 உருண்டைகளின் அடக்க விலையை மட்டும்தான் கழிப்பார்கள், அதாவது 560. மொத்த லாபம் 240 ஆகிவிடும். அதில் 60 சதவீதம், 144 யென், கம்பெனிக்கு. கடைக்காரருக்கு 96. குப்பைக்குப் போன இரண்டின் அடக்க விலை 140 யென் அவர் தலையில். அவருக்கு 44 யென் நஷ்டம்.

சரி, நேரம் முடியப்போகும் அந்த இரண்டையும் பாதி விலைக்கு விற்றிருந்தால்? வரவு 900, அடக்கம் 700, லாபம் 200. கம்பெனிக்கு 120, கடைக்காரருக்கு 80. கடைக்காரர் நஷ்டத்திலிருந்து லாபத்துக்கு வருகிறார். சோறும் குப்பைக்குப் போகவில்லை. கம்பெனிக்கு மட்டும் 24 யென் குறைகிறது.

இந்த இடத்தில் நான் வெகு நேரம் நின்றுவிட்டேன். ஒரே அலமாரி, ஒரே சோற்று உருண்டை. குப்பைக்குப் போனால் ஒருவருக்கு லாபம் கூடுகிறது, மற்றவருக்கு முதலே போகிறது. "நாங்கள் இருவரும் ஒரே படகில்" என்று ஃபிரான்சைஸ் கம்பெனிகள் சொல்லும்போது இந்தப் பத்து உருண்டைகள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. நம் கிராமங்களில் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விடுவார்கள். விதை, உரம், கூலி எல்லாம் போன பிறகு மிஞ்சுவதைப் பிரிப்பதா, களத்துமேட்டில் அளந்த நெல்லை அப்படியே பிரிப்பதா என்பதில்தான் உழுதவனின் பிழைப்பு அடங்கியிருக்கும். பாதி வாரமா, மூன்றில் ஒன்றா என்பது அதற்கு அடுத்த பேச்சு.

கடைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கழிவின் அடக்க விலையைக் கழிக்காமல் பங்கு எடுப்பது ஒப்பந்தத்துக்கு உட்பட்டதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2007இல் நீதிமன்றம் கம்பெனியின் விளக்கத்தை ஏற்றது. ஆனால் 2009 ஜூனில் ஜப்பானின் நியாய வணிக ஆணையம் வேறொரு பக்கத்திலிருந்து தலையிட்டது. நேரம் முடியும் பண்டங்களை விலை குறைத்து விற்கவிடாமல் கடைக்காரர்களை அழுத்துவது, மேல்கையை முறைகேடாகப் பயன்படுத்துவது என்று சொல்லி அதை நிறுத்த உத்தரவிட்டது. அதன்பின் கழிவின் அடக்க விலையில் 15 சதவீதத்தைக் கம்பெனி ஏற்கத் தொடங்கியது. நம் கணக்கில் அது 21 யென். அப்போதும் கடைக்காரருக்கு 23 யென் நஷ்டம். கம்பெனிக்கு 123 யென். தள்ளுபடியில் விற்றால் கிடைப்பதைவிட இன்னும் 3 யென் கூடுதல்.

பக்கத்துத் தெருவில் அதே பெயர்ப்பலகை

டோயோசு கடை தொடங்கியபோது அந்த வட்டாரமான கோட்டோவைவிட்டு ஓரடிகூட வெளியே போகாமல் அங்கேயே கடைகளைத் திறக்கச் சொன்னார் சுசுகி. ஒரே வட்டாரத்தில் நெருக்கமாகக் கடைகள் இருந்தால் ஒரு வண்டி பல கடைக்குச் சரக்கு இறக்கலாம், சோறு சமைக்கும் ஆலையைப் பக்கத்தில் வைக்கலாம், பெயரும் மக்கள் மனதில் பதியும். 70 வண்டி 9 ஆனதில் இந்த நெருக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

அதே நெருக்கம் ஓர் எல்லையைத் தாண்டியதும் கடைக்காரரை அறுக்கிறது. 300 மீட்டர் தள்ளி இன்னொரு செவன் லெவன் வந்து, இரண்டு கடையும் சேர்ந்து முன்னைவிட ஒன்றரை மடங்கு விற்றால் கம்பெனிக்கு வளர்ச்சி. முதல் கடைக்காரருக்குக் கால் பங்கு வியாபாரம் போச்சு. ஆட்களின் சம்பளம் அப்படியே நிற்கிறது. தன் வட்டாரத்தில் வேறு கடை வராது என்ற உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால் கேட்க நாதியில்லை. 2019 வாக்கில் ஜப்பானில் செவன் லெவன் கடைகள் 20,000ஐத் தாண்டியிருந்தன.

இரவின் கணக்கு

முதல் 24 மணி நேரக் கடை 1975இல் ஃபுகுஷிமா மாகாணத்தின் கோரியாமாவில் திறந்தது. அப்போது வேலைக்கு ஆட்கள் கிடைத்தார்கள். ஜப்பான் முதுமையடைந்த நாடாகி, இளைஞர் எண்ணிக்கை சுருங்கியபின் நிலைமை தலைகீழாயிற்று. 2018 இறுதியில் ஒசாகாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 936 யென். இரவு 10 முதல் காலை 5 வரை சட்டப்படி 25 சதவீதம் கூட்ட வேண்டும், அதாவது 1,170 யென்.

நள்ளிரவில் ஒரு மணி நேரத்துக்கு 5,000 யென் விற்கிறது, அதில் 30 சதவீதம் மொத்த லாபம் என்று வைத்துக்கொள்வோம். 1,500 யென். கம்பெனி பங்கு 55 சதவீதம் என்றால் 825 அதற்கு, 675 கடைக்காரருக்கு. ஒரே ஒருவரை அமர்த்தினாலும் கூலிக்கு 1,170 போகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் கடைக்காரர் 495 யென் இழக்கிறார், கம்பெனி 825 யென் பெறுகிறது. சோற்று உருண்டையில் பார்த்த அதே பிளவுதான் இங்கேயும். பங்கு பிரிப்பது கூலியைக் கழிப்பதற்கு முன்.

கம்பெனியின் தரப்பையும் சொல்ல வேண்டும். சரக்கு வண்டிகள் நெரிசல் இல்லாத இரவில்தான் ஓடுகின்றன. அலமாரி அடுக்குவதும் சுத்தம் செய்வதும் இரவில்தான். எந்த நேரத்தில் போனாலும் திறந்திருக்கும் என்ற நம்பிக்கைதான் அந்தப் பெயரின் சொத்து. நிலநடுக்கம் வந்த நாட்களில் ஊர் மக்களுக்கு இந்தக் கடைகள் எவ்வளவு உதவின என்பது ஜப்பானியர்களுக்குத் தெரியும். ஒருவர் பூட்டினால் எல்லோரும் பூட்டுவார்கள் என்ற அச்சம் வெறும் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சொத்தைக் காக்கும் செலவை மனைவியை இழந்த ஒரு மனிதரின் தூக்கத்திலிருந்து எடுத்தார்கள். அது தவறு என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு நடந்தது

செய்தி பரவியதும் கம்பெனி அபராதப் பேச்சைத் தள்ளிவைத்தது. 2019 மார்ச்சில் தானே நடத்தும் 10 கடைகளில் குறைந்த நேரத்தைச் சோதித்துப் பார்த்தது. ஏப்ரலில் செவன் லெவன் ஜப்பானின் தலைவர் மாற்றப்பட்டார். நவம்பரில் சில ஃபிரான்சைஸ் கடைகளுக்கு இரவில் மூட முறையான அனுமதி கிடைத்தது. 2020 மார்ச்சில் ராயல்டியையும் கொஞ்சம் குறைத்தார்கள்.

தொழிற்சங்கப் பாதை மட்டும் அடைபட்டது. கடைக்காரர்களும் ஒரு வகையில் தொழிலாளர்களே, சங்கமாகக் கூடிப் பேரம் பேச உரிமை உண்டு என்று ஒகாயாமா மாகாணத் தொழிலாளர் ஆணையம் 2014இலும் டோக்கியோவின் தொழிலாளர் ஆணையம் 2015இலும் சொல்லியிருந்தன. 2019 மார்ச்சில் மத்திய தொழிலாளர் உறவு ஆணையம் அதைப் புரட்டியது: அவர்கள் சுயதொழில் செய்பவர்கள், தொழிலாளர் சட்டம் பொருந்தாது. என்னை அதிகம் வருத்தியது இந்தத் தீர்மானம்தான். கடை நேரத்தை முடிவு செய்ய முடியாதவர், விலை குறைக்கத் தயங்க வேண்டியவர், அன்றாட வசூலை அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர், சட்டத்தின் கண்ணில் முழு முதலாளி. நஷ்டம் வரும்போது அந்த முதலாளிப் பட்டம் மிகச் சரியாகப் பொருந்துகிறது.

2020 செப்டம்பரில் நியாய வணிக ஆணையம் எல்லாப் பெரிய சங்கிலிக் கடைகளையும் விசாரித்து அறிக்கை வெளியிட்டது. 2021இல் ஃபிரான்சைஸ் வழிகாட்டி விதிகளைத் திருத்தியது. நேரக் குறைப்பு உண்டு என்று ஒப்பந்தத்தில் சொல்லிவிட்டு, கேட்கும் கடைக்காரருடன் பேசவே மறுத்து 24 மணி நேரத்தைத் திணித்தால் அது முறைகேடாகக் கருதப்படலாம் என்று எழுதியது. ஒற்றைக் கடைக்காரர் பூட்டிய கதவு நாட்டின் விதியையே அசைத்தது.

இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் வணிகச் சின்னம் முதலான பொதுச் சட்டங்களும்தான் துணை. அமெரிக்காவில் ஒப்பந்தம் போடுவதற்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன் கம்பெனி தன் வழக்குகள், கட்டணங்கள், மூடிய கடைகள் பற்றிய விவர ஆவணத்தைக் கையில் கொடுத்தாக வேண்டும். இங்கே அப்படி ஒன்று இல்லாததால், பணி ஓய்வுப் பணத்தையோ வளைகுடாவில் சம்பாதித்ததையோ போடப் போகிறவர் தானே தோண்டித் துருவ வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே எடுத்த நாலைந்து பேரிடம், முடிந்தால் எடுத்து மூடியவரிடம், வீட்டுக்கே போய்ப் பேச வேண்டும். வீணான சரக்கு யார் கணக்கில் என்று கேட்க வேண்டும். எத்தனை கிலோமீட்டருக்குள் அதே பெயரில் இன்னொரு கடை வராது, நாம் விலகினால் என்ன கட்ட வேண்டும், கம்பெனி விலக்கினால் அட்வான்ஸ் திரும்புமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லில் கிடைத்த எதுவும் பின்னாளில் நிற்காது.

ஹிகாஷி ஒசாகா கடைக்காரரின் கதை அவருக்குச் சாதகமாக முடியவில்லை. 2020 புத்தாண்டு அன்று ஒரு நாள் கடைக்கு விடுமுறை விடப்போவதாக அவர் அறிவித்திருந்தார். அதற்கு முதல் நாளோடு, 2019 டிசம்பர் 31 அன்று, கம்பெனி ஒப்பந்தத்தை ரத்து செய்தது. காரணமாக அது காட்டியது இரவு மூடியதை இல்லை. வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த ஏராளமான புகார்களையும், கம்பெனியைத் தாக்கி அவர் சமூக ஊடகத்தில் எழுதியவற்றையும் காட்டியது. புத்தாண்டுக்குப் பின் சரக்கு வரவில்லை. நீதிமன்றத்துக்குப் போனார். 2022 ஜூனில் ஒசாகா மாவட்ட நீதிமன்றம் ரத்து செல்லும் என்று தீர்ப்பளித்தது. கடையை ஒப்படைத்து, சுமார் 1.45 கோடி யென் கட்டச் சொன்னது. மேல்முறையீட்டிலும் அவர் தோற்றார்.

தீர்ப்பு வாடிக்கையாளர்களிடம் அவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியது. அதில் அவர் பக்கம் குறை இருந்தது என்பதை நீதிமன்றம் சான்றுகளோடு சொன்னது, நான் அதை மறுக்கவில்லை. ஒரு மனிதரை 24 மணி நேரமும் கல்லாவில் நிற்க வைக்கும் ஒப்பந்தம் நியாயமா என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் விடை இல்லை.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2021 மே மாதம், பூட்டிக் கிடந்த அவருடைய கடைக்கு முன்னால், அதே வளாகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில், கம்பெனி ஒரு தற்காலிகக் கடையைக் கட்டித் திறந்தது. அதுவும் செவன் லெவன்தான்.